குற்றால சீசனுக்கு ரெண்டு பேரா போறீங்களா? நாலு நாளை இப்படி வச்சுக்கோங்க

முதல் தடவை நானும் அவரும் குற்றாலம் போனது ஒரு ஞாயித்துக்கிழமை, மதுரைல ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டு அப்படியே வண்டி எடுத்துட்டு போனோம். மெயின் அருவில பத்து நிமிஷம் தலைய காட்டினோம், ஈரத்துணியோட ஒரு சாப்பாடு, திரும்பிட்டோம், அவ்ளோதான் குற்றாலம்னு நினைச்சேன். அடுத்த வருஷம் நாலு நாள் லீவு போட்டு தங்கினப்பதான் இது வேற ஊருன்னே புரிஞ்சுது, அதுக்கப்புறம் வருஷம் தவறாம போறோம். புதுசா போறவங்க அந்த முதல் தடவை நாங்க போன மாதிரி போய்ட்டு வந்துடக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல எப்போ போறதுன்னு பார்த்துடுவோம். ஜூன்ல தென்மேற்கு பருவமழை கேரளால இறங்கினதும் சீசன் ஆரம்பிச்சுடும், ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஓடும், சில வருஷம் செப்டம்பர்லயும் தண்ணி இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது இல்லையா, அதுல செங்கோட்டை பக்கம் ஆரியங்காவு கணவாய்னு ஒரு இடைவெளி இருக்கு, அந்த வழியா கேரளாவோட ஈரக்காத்து இந்தப் பக்கம் புகுந்து வருது. அதனாலதான் திருநெல்வேலி டவுன்ல வெயில் கொளுத்திட்டு இருக்கும்போதே ஒண்ணரை மணி நேரத்துல நீங்க தென்காசி வந்து இறங்கினா மூஞ்சில பூ மாதிரி சாரல் விழும். செவ்வாய்ல இருந்து வெள்ளிக்குள்ள வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. சனி ஞாயிறு வேண்டாம், ஆடி அமாவாசை வேண்டாம், சாரல் திருவிழா நடக்குற நாட்கள்லயும் கூட்டம் ஜாஸ்தி. கார்த்திகை மார்கழில தண்ணி இருக்கும் ஆனா ஐயப்ப சாமிமாருங்க கூட்டமும் இருக்கும்.

சென்னைல இருந்துன்னா பொதிகை எக்ஸ்பிரஸ்தான், ராத்திரி ஏறினா காலைல தென்காசி. சீசன்ல டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், புக்கிங் ஓபன் ஆன உடனே போட்டுடுங்க, எழும்பூர்ல இருந்தா தாம்பரத்துல இருந்தா எங்க இருந்து கிளம்புதுன்னு கிளம்புற வாரம் ஒரு தடவை பார்த்துக்கோங்க. ராஜபாளையம் வந்ததும் எழுந்துடுங்க, வண்டி போற திசைக்கு வலது பக்க ஜன்னல்ல உட்காருங்க. சங்கரன்கோவில் தாண்டி கடையநல்லூர் வர வர மலை கிட்ட வந்துட்டே இருக்கும், உச்சில மேகம் உட்கார்ந்திருந்தா அருவில தண்ணி இருக்குன்னு அர்த்தம், அவர் அதை பார்த்துதான் "ஏய், இன்னிக்கு தண்ணி இருக்குடி"ன்னு என்னை எழுப்புவாரு.

தங்குறதுக்கு அருவி வாசல்லயே ரூம் தேடாதீங்க. நாங்க ஒரு தடவை அங்க ஒரு லாட்ஜ்ல போன்ல பேசின வாடகை ஒண்ணு, போய் நின்னப்போ கேட்டது அதை விட டபுள், ராத்திரி பூரா ஹாரன் சத்தம் வேற. தென்காசி டவுன்லயோ இலஞ்சி பக்கமோ எடுங்க, குற்றாலம் அங்க இருந்து அஞ்சாறு கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி இருக்கு, ஆட்டோவும் கிடைக்கும். இலஞ்சில வயல்வெளிக்கு நடுவுல ரூம் கிடைச்சா விடாதீங்க, காலைல கதவை திறந்தா நெல்லு வாசனை, பின்னாடி மலை.

இப்போ அருவி. ஜோடியா போறவங்களுக்கு யாரும் முன்கூட்டி சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, மெயின் அருவில ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி. உள்ள போனதும் ரெண்டு பேரும் பிரிஞ்சுடுவீங்க, போன் கைல இருக்காது, கூட்டத்துல தேடி தேடி அலைய வேண்டி வரும். அதனால இறங்குறதுக்கு முன்னாடியே எந்த இடத்துல, எத்தனை நிமிஷத்துல வந்து நிக்கணும்னு பேசி வச்சுக்கோங்க, ஒருத்தர் குளிக்கும்போது இன்னொருத்தர் பையை பார்த்துக்குறது இன்னும் நல்லது. நகை வேண்டவே வேண்டாம், தண்ணி விழுற வேகத்துல செயின் அறுந்துட்டா கிடைக்காது. பொம்பளைங்களுக்கு சுடிதார்தான் வசதி, புடவை கால்ல சுத்திக்கும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், சீயக்காய் எதுவும் அருவில பயன்படுத்தக்கூடாது, தடை இருக்கு, அது நல்லதும்தான், அந்த தண்ணிதான் கீழ வயலுக்கு போகுது.

மெயின் அருவில தண்ணி நேரா நம்ம தலைல விழுறது இல்ல, மேல பாறைல பொங்குமாகடல்னு ஒரு பள்ளம் இருக்கு, அதுல விழுந்து பொங்கி வழிஞ்சுதான் கீழ வருது. அந்த பள்ளம் மட்டும் இல்லைன்னா அந்த உயரத்துல இருந்து விழுற தண்ணிக்கு அடில யாராலயும் நிக்க முடியாது. முன்னாடி ஆர்ச் இருக்கும், தண்ணி ஆர்ச்சை தாண்டி விழ ஆரம்பிச்சா குளிக்க விட மாட்டாங்க. அப்போ போலீஸ்காரங்ககிட்ட தயவுசெஞ்சு வாக்குவாதம் பண்ணாதீங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசு பையன் ஒருத்தன் அடிச்சுட்டு போய் இறந்துட்டான். இங்க வானம் தெளிவா இருந்தாலும் மேல காட்டுல மழை பெய்ஞ்சா சில நிமிஷத்துல தண்ணி கலங்கி வரும். தண்ணி நிறம் மாறுனாலோ, விசில் சத்தம் கேட்டாலோ பையை எல்லாம் விட்டுட்டு உடனே வெளிய வந்துடுங்க.

எந்த அருவிக்கு எப்போன்னு கேட்டா, மெயின் அருவிக்கு விடியக்காலைல போங்க, விளக்கு வெளிச்சத்துல குளிக்கிற மாதிரி ஒரு அஞ்சு மணிக்கு. அந்த நேரத்துல கூட்டம் குறைவு, முதல் அஞ்சு நொடி உயிரே போற மாதிரி குளிரும், அப்புறம் வெளிய வரவே மனசு வராது. ஐந்தருவிக்கு மத்தியானத்துக்கு மேல. பழைய குற்றாலம் கொஞ்சம் தள்ளி இருக்கு, வழி பூரா தோப்பு, பைக் வாடகைக்கு கிடைச்சா அதுல போங்க. தண்ணிய கண்டா பயம்னா புலியருவி, சின்னது, வேகம் கிடையாது. குளிச்சு முடிச்சதும் சுக்கு காபியோ சூடா மிளகாய் பஜ்ஜியோ சாப்பிடுங்க, சீசன்ல ரம்புட்டானும் மங்குஸ்தானும் வண்டில வச்சு விப்பாங்க, பேரம் பேசி வாங்குங்க.

அருவிய பார்த்துட்டு பக்கத்துல இருக்குற குற்றாலநாதர் கோயிலை விட்டுடுறவங்க நிறைய பேர். சங்கு வடிவத்துல கட்டின கோயில், தலவிருட்சம் குறும்பலா, அந்த பலா மரத்துக்குன்னே சம்பந்தர் தனியா ஒரு பதிகம் பாடியிருக்காரு. அங்க இருந்து நடக்குற தூரத்துல சித்திர சபை. நடராஜரோட அஞ்சு சபைல ஒண்ணு, சிதம்பரத்துல பொன், மதுரைல வெள்ளி, திருநெல்வேலில தாமிரம், திருவாலங்காட்டுல ரத்தினம், இங்க சித்திரம். மத்த சபைல எல்லாம் நடராஜர் சிலையா ஆடுவாரு, இங்க சுவத்துல ஓவியமா ஆடுறாரு. உள்ள சுத்தி சுவர் முழுக்க மூலிகை வண்ணத்துல வரைஞ்ச படங்கள், வெளிய தெப்பக்குளம், பின்னாடி மலை. நாங்க அங்க போனப்போ மொத்தமே நாலஞ்சு பேர்தான் இருந்தாங்க, மழை பெய்யுற சத்தத்தை கேட்டுட்டு மண்டபத்துல ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்கு போங்க, பராக்கிரம பாண்டியன் கட்டினது, ஒன்பது நிலை கோபுரம். இடி விழுந்து ரொம்ப காலம் மொட்டையா நின்ன கோபுரத்தை திரும்ப கட்டி 1990-ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. கோபுர வாசல்ல நுழையும்போது ஒரு காத்து அடிக்கும் பாருங்க, உள்ள போகும்போது எதிர்ல இருந்து தள்ளும், கொஞ்ச தூரம் போனா முதுகுல இருந்து தள்ளும். முந்தானை துப்பட்டாவை எல்லாம் பிடிச்சுக்கணும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வரேன், இதுலதான் எங்க வீட்டுல ஒரு பிரச்சனை, அவருக்கு கறி இல்லாம இறங்காது, எனக்கு சைவம்தான். ஒரு ராத்திரி பார்டர் பரோட்டா கடைக்குன்னு ஒதுக்கிடுங்க. செங்கோட்டை பக்கத்துல பிரானூர்ல இருக்கு. அதுக்கு ஏன் பார்டர்னு பேருன்னா, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்துச்சு, எல்லை இங்கதான் இருந்துச்சு. மாநில எல்லை மலைப்பக்கம் தள்ளி போய்டுச்சு, பேரு மட்டும் பரோட்டாவோட ஒட்டிக்கிச்சு. வாழை இலைல சின்ன சின்ன பரோட்டாவை பிச்சு போட்டு மேல சால்னாவை ஊத்திடுவாங்க, கூட நாட்டுக்கோழி பெப்பர், காடை. ஏழு மணிக்குள்ள போய்டுங்க, அதுக்கப்புறம் நிக்க இடம் கிடைக்காது. நான் தோசை சொல்லிட்டு அவர் சாப்பிடுறதை பார்த்துட்டு இருப்பேன், அந்த முகத்தை பார்க்குறதுக்காகவே கூட போவேன்.

என் பக்கத்துக்கு சொதி. தேங்காய்ப்பால்ல பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்டு வைக்குற குழம்பு, தொட்டுக்க இஞ்சிப் பச்சடி கண்டிப்பா இருக்கணும், தேங்காய்ப்பால் கனமா இருக்கும் அதை செரிக்க வைக்கிறது இஞ்சிதான். திருநெல்வேலி பக்கம் கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்துல மாப்பிள்ளைக்கு போடுறது இது, மாப்பிள்ளை சொதின்னே சொல்வாங்க. ஓட்டல்ல தினமும் கிடைக்காது, தங்குற இடத்துல சமைச்சு குடுக்குற அக்கா யாராவது இருந்தா முதல் நாளே "அக்கா, ஒரு நாள் சொதி வைக்க முடியுமா"ன்னு கேட்டு வச்சுடுங்க, சந்தோஷமா செய்வாங்க. அதே மாதிரி உளுந்தம்பருப்பு சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும் கேளுங்க.

மூணாவது நாள் அருவி வேண்டாம், ரயில் ஏறுங்க. செங்கோட்டைல இருந்து புனலூர் வரைக்கும் 49 கிலோமீட்டர், 1904-ல போட்ட லைன், மீட்டர்கேஜா இருந்ததை மாத்தி 2018-ல திரும்ப திறந்தாங்க. பகவதிபுரம் தாண்டினதும் பெரிய குகை, இந்தப் பக்கம் நுழையும்போது தமிழ்நாடு, அந்தப் பக்கம் வெளிய வந்தா பச்சையோட நிறமே வேறயா இருக்கும், ரப்பர் மரம், தேக்கு, பள்ளத்தாக்கு. கழுதுருட்டி கிட்ட பதிமூணு கண் பாலம் வரும், கல்லால கட்டினது, கீழ ரோட்டுல நின்னு படம் எடுக்குறவங்க கை ஆட்டுவாங்க நீங்களும் ஆட்டுங்க. காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்புற மாதிரி வண்டி நேரத்தை பார்த்து வச்சுக்கோங்க, இந்த ரூட்ல வண்டி கம்மி, ஒண்ணை விட்டா ரொம்ப நேரம் காத்திருக்கணும். புனலூர்ல கல்லடை ஆத்து மேல 1877-ல முடிச்ச தூக்குப்பாலம் இருக்கு, அதுல நடந்துட்டு, கப்பையும் மீன் கறியும் அவருக்கு, புட்டும் கடலைக் கறியும் எனக்கு. கார் வச்சிருக்கீங்கன்னா அதே வழில ஆரியங்காவு பாலருவி, உள்ள வனத்துறை பஸ்லதான் கூட்டிட்டு போவாங்க.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி தோட்டம் பத்தியும் எல்லாரும் கேக்குறாங்க. ஜூலை ஆகஸ்ட்ல பூத்திருந்தா அழகுதான், சந்தேகமே இல்ல. ஆனா அது ஒருத்தரோட வயல், பிழைப்பு. வரப்புல நின்னு எடுங்க, உள்ள இறங்கணும்னா தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க, செடிய ஒடிச்சுட்டு போட்டோ எடுக்குறவங்களை பார்த்தா வயிறு எரியுது. அங்க போகாட்டியும் பண்பொழி திருமலைக்கோயில் மேல ஏறி பாருங்க, படியும் இருக்கு வண்டி போற ரோடும் இருக்கு, சுத்தி வயலும் குளமும் தென்னந்தோப்பும் ஒரே பார்வைல தெரியும், காத்து ஆளையே தூக்கும்.

நாலாவது நாள் திரும்பும்போது நேரா சென்னை வண்டி ஏறாம காலைல திருநெல்வேலி பாசஞ்சரை பிடிங்க. கடையத்துல இறங்கி நித்ய கல்யாணி கோயிலை பார்த்துட்டு அடுத்த வண்டில போகலாம். அது பாரதியார் மனைவி செல்லம்மாவோட ஊரு, பாரதியார் 1918-ல இருந்து 1920 வரைக்கும் அங்கதான் இருந்தாரு. அப்புறம் கல்லிடைக்குறிச்சி, அப்பளம் வாங்காம வந்தா எங்க மாமியார் வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல திருநெல்வேலி டவுன்ல நெல்லையப்பர் கோயிலை பார்த்துட்டு எதிர்ல இருட்டுக்கடை வரிசைல நில்லுங்க, இலைத்துண்டுல சூடா குடுக்குற அல்வாவை அங்கயே நின்னு சாப்பிடுங்க, பார்சல் வேற, ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்.

நடுவுல நேரம் இருந்தா சேரன்மகாதேவில இறங்கி பத்தமடைக்கு ஒரு ஆட்டோ பிடிங்க. கோரைப்புல்லை நார் நாரா கிழிச்சு பட்டு மாதிரி பாய் நெய்யுற ஊரு. கல்யாணத்துக்கு பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்து குடுப்பாங்க. எங்க கல்யாணத்தப்போ எங்களுக்கு இது தெரியாது, போன வருஷம் போய் சொல்லிட்டு வந்தோம், நெய்யுற அம்மா "கல்யாணம் எப்போ தாயி"ன்னு கேட்டாங்க, அவர் "ஆயி ஒன்பது வருஷம் ஆச்சும்மா"ன்னு சொன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சு பார்சல்ல வந்துச்சு, ரெண்டு பேர் பேரும் ஓரத்துல செவப்பு நூல்ல. நீங்க சொல்றதா இருந்தா எழுத்துப்பிழை இல்லாம பேப்பர்ல பெருசா எழுதி குடுங்க, அட்வான்ஸ் குடுத்துட்டு போன் நம்பர் வாங்கிக்கோங்க.