தலைக்காயமுற்ற குழந்தையின் மூளை அழுத்தத்தைக் கண்காணிக்கும் முறை

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேனும் விபத்துக்குள்ளாகி, 108 ஆம்புலன்ஸில் சேலத்துக்கு வந்துசேரும் குழந்தையின் கிளாஸ்கோ மதிப்பெண் (கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றைக் கொண்டு நினைவுநிலையை அளப்பது) 8 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், அது கடுமையான தலைக்காயமாகும். வென்டிலேட்டரில் இணைத்து மயக்க மருந்து தொடங்கிய பிறகு அந்த மதிப்பெண்ணை முழுமையாக நம்ப இயலாது. அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் கண்பாவைகளையும் மண்டையோட்டுக்குள் உள்ள அழுத்தத்தையுமே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

மூளையறையில் வடிகுழாய் பொருத்தியிருந்தால், மானிட்டரின் எண்ணைக் குறிக்கும் முன், அழுத்தத்தை அளந்து மானிட்டருக்கு அனுப்பும் உணரியான டிரான்ஸ்டியூசர் காதுத்துளையின் மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு உயர்த்தும்போதும் குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் அந்த மட்டம் மாறிவிடும். டிரான்ஸ்டியூசர் 13.6 செ.மீ. தாழ்ந்துவிட்டால் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் கூடுதலாகத் தெரியும். உண்மையில் 14 ஆக இருப்பது 24 ஆகத் தோன்றி, தேவையில்லாத மருந்து ஏறும். வடியும் நீர் சேரும் வடிகலனே தாழ்ந்துபோனால் மூளைநீர் அளவுக்கு மீறி வெளியேறும் என்பதால், அது இன்னும் ஆபத்தானது. வடிகாலை மூடி, அலைவடிவம் தெளிவாக வந்த பிறகே அளவைக் குறிக்க வேண்டும்.

அந்த எண்ணை மட்டும் பார்த்து நிறைவடைவது போதாது என்பதை இளம் செவிலியர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து மண்டையோட்டு அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பதே மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தும் அழுத்தம். சராசரி 62, மண்டையோட்டு அழுத்தம் 24 என்றால் மிஞ்சுவது 38. குழந்தைகளுக்கான 2019ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல், இது 40க்குக் குறையக்கூடாது என்கிறது. கைக்குழந்தைக்கு 40ஐ ஒட்டியும் வளரிளம் பருவத்தினருக்கு 50ஐ ஒட்டியும் இலக்கு அமையும்.

மண்டையோட்டு அழுத்தம் 20ஐத் தாண்டி 5 நிமிடம் நீடித்தால் மருத்துவரை அழைத்துவிட்டு, கழுத்து நேராக இருக்கிறதா, கழுத்துப்பட்டை இறுக்குகிறதா, காய்ச்சலோ வலியோ உள்ளதா என்று சரிபாருங்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்து ஓடும் குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் வெளியே தெரியாது; அதைக் கண்டறிய மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. வேண்டும். 3% உப்புக்கரைசலை மருத்துவர் கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி. என்ற அளவில் 10 முதல் 20 நிமிடத்தில் செலுத்தச் சொல்லலாம் என்பதால், குழந்தையின் எடை கட்டிலருகே எழுதப்பட்டிருக்கட்டும்.

கண்பாவைகளை மணிக்கொருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பாவை புதிதாக விரிந்து ஒளிக்குச் சுருங்காவிட்டால், மானிட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவரை அழையுங்கள். பணி மாறும்போது எண்ணுடன் கட்டிலின் சாய்வையும், அளந்தபோது வடிகால் மூடியிருந்ததையும், கடைசியாகச் சளி உறிஞ்சிய நேரத்தையும் எழுதி ஒப்படைக்க வேண்டும்.