விமானம் கட்டும் நாட்களைக் குறைக்கப் போய் செய்யும் தவறுகள்

விமானத்தைக் கட்டி முடிக்கும் நாட்களைக் குறைக்கச் சொன்னால், பலரும் முதலில் நெருக்குவது தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிப்பவரைத்தான். அவர் கை ஓடும் நேரத்தைவிட, பொருளுக்கும் டூலுக்கும் இன்ஸ்பெக்டரின் கையெழுத்துக்கும் காத்து நிற்கும் நேரம்தான் பெரும்பாலும் அதிகம். ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பக்கத்தில் இருந்து, வேலை நின்ற நிமிடங்களை மட்டும் குறித்துப் பாருங்கள்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. அட்டவணை தவறக்கூடாது என்று, வேலை முடியாத விமானத்தை ஆலையில் அடுத்த கட்ட வேலை நடக்கும் ஸ்டேஷனுக்குத் தள்ளிவிடுவது. மிச்ச வேலைக்கு ஆட்கள் பின்னாலேயே ஓட வேண்டும். அங்கே அதற்கான மேடை இருக்காது, பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஃபிக்சர் இருக்காது, பேனல் வேறு மூடியிருக்கும். அரை மணி நேர வேலை அரை நாளை விழுங்கிவிடும். 2007 ஜூலை 8 அன்று போயிங் 787 விமானத்தை உலகுக்குக் காட்டியபோது அதில் பாகங்களை இணைக்கும் ஃபாஸ்டனர்களில் ஏராளமானவை தற்காலிகமானவையாக இருந்தன. நிரந்தரமானவை போதிய அளவு வந்து சேரவில்லை. அது முதன்முதலில் பறந்தது 2009 டிசம்பர் 15 அன்றுதான். தாமதத்துக்குக் காரணங்கள் பல, முடியாமல் வந்த வேலையும் அதில் ஒன்று. அதனால் ஒரு ஃபாஸ்டனர் குறைந்தாலும் ஒரு வேலைக்கான பாகங்களைச் சேர்த்து வைத்த அந்த கிட்டை விமானம் கட்டும் லைனுக்கு அனுப்பாதீர்கள்.

நாள் மட்டும் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவு இடத்தை மூடியிருந்த அடைப்பு பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனது. போயிங்கின் ரென்டன் ஆலையில், பழுதான 5 ரிவெட்டுகளை மாற்ற அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது 4 போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டவில்லை. திறந்ததற்குப் பதிவே இல்லை. எதைக் கழற்றினாலும் அப்போதே எழுதுங்கள், தயவுசெய்து.

அப்புறம், இணைப்புகளில் கசிவு வராமல் அடைக்கப் பூசும் சீலன்ட். பி-2 வகையைக் கலந்தால் பூசுவதற்கு சுமார் 2 மணி நேரம் கிடைக்கும். இறுகுவதற்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். காலையில் பூசிவிட்டுப் பகல் முழுக்கக் காத்திருப்பானேன்? ஷிஃப்ட் முடியும்போது பூசினால், ஆள் இல்லாத நேரத்தில் அது பாட்டுக்கு இறுகும்.

ஒரு படியை விட்டுவிடலாம் என்ற ஆசை துளையிடும் இடத்தில்தான் அதிகம் வரும். இரண்டு தகடுகளைச் சேர்த்துத் துளைத்தால் நடுவில், துளையின் விளிம்பில் உலோகப் பிசிறு நிற்கும். பிரித்து, பிசிறு நீக்கி, துடைத்து, சீலன்ட் பூசித் திரும்பச் சேர்ப்பதுதான் வழக்கம். பிரிக்காமல் விட்டால் நேரம் மிச்சம்தான். ஆனால் அந்தப் பிசிறு இருக்கும் இடத்தில் பின்னாளில் விரிசல் விடலாம். தகடுகளை இறுக்கிப் பிடித்துத் துளைத்தால் பிசிறு வரம்புக்குள் நிற்கிறது என்று சோதனைத் துண்டுகளில் காட்டி, இன்ஜினியரிங் ஒப்புதல் வாங்கிய பிறகே அந்தப் படியை விடலாம்.