ஒட்டுப் போர்வையில் டிசைன் எடுப்பாகத் தெரிய: வெளிர், அடர் பிரிக்கும் முறை

ஏற்காட்டுக் குளிருக்கு என்று அக்காவுக்காக நான் தைத்த முதல் ஒட்டுப் போர்வையில் டிசைனே தெரியவில்லை. எல்லாம் அம்மாபேட்டையில் எங்கள் தெருத் தையல்கடையில் கிடைத்த வெட்டுத் துண்டுகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் வைத்தேன். மடியில் வைத்துத் தைக்கும்போது அழகாக இருந்தது. கட்டிலில் விரித்துவிட்டு வாசற்படியில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலங்கிக் கிடந்தது. போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன். மூன்று நிறமும் ஒரே சாம்பல்!

இதைத்தான் குவில்ட் (ஒட்டுப் போர்வை) தைப்பவர்கள் வேல்யூ என்கிறார்கள். அதாவது ஒரு துணி எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது. எட்ட நின்று பார்க்கும்போது டிசைனைக் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

சரி, துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் தரையில் கொட்டுங்கள். வெளிர், நடு, அடர் என்று மூன்று குவியலாக வேகமாகப் பிரியுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் மங்கி அடர்த்தி மட்டும் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு குவியலையும் பரப்பிக் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இடம் மாறி வந்த துண்டு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சளை நான் அடரில் போட்டிருந்தேன். படத்தில் அது வெளிர். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் வழியும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அதன் வழியே பார்த்தால் சிவப்புத் துணியே வெளிராகத் தெரியும். நம் வெட்டுத் துண்டுகளில் பாதி சிவப்பும் அரக்கும்தானே? போனே போதும்.

என்னை ரொம்ப நாள் படுத்தியது நடுக் குவியல். எத்தனை முறை பிரித்தாலும் சில துண்டுகள் எதிலும் அடங்கவில்லை. ஒரு துணியின் வேல்யூ பக்கத்தில் இருக்கும் துணியைப் பொறுத்தது என்பது பிறகுதான் புரிந்தது. அதே வான நீலம், வெள்ளை வேட்டித் துண்டுக்குப் பக்கத்தில் அடர். கருநீலத்துக்குப் பக்கத்தில் வெளிர். அதனால் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒட்டப்போகும் துணியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியும் ஏமாற்றும். எட்டத்தில் அது சாம்பல். முதல் போர்வைக்கு நடுக் குவியலை ஒரு பையில் கட்டி எடுத்து வைத்துவிடுங்கள். வெளிர் குறைந்தால் அச்சுத் துணியைத் திருப்பிப் போடலாம், பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

பழக ஏற்றது லாக் கேபின் கட்டம். நடுவில் 2 அங்குலச் சதுரம், பாரம்பரியமாகச் சிவப்பு. அதைச் சுற்றி 1½ அங்குல அகலப் பட்டைகள்: அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மீதி இரண்டு பக்கம் அடர். இந்த அளவுகளிலேயே ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் அடக்கம். மூன்று சுற்று முடிந்தால் கட்டம் 8 அங்குலம் இருக்கும். தையல் விளிம்பை அடர் பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள், இல்லையென்றால் வெளிர் துணிக்கு அடியில் நிழல் தெரியும். நான்கு கட்டங்களை அடர் மூலைகள் நடுவில் சேரும்படி வைத்தால் பெரிய வைரம் வரும். தைத்து இணைக்கும் முன் இன்னொரு படம் எடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: படத்தில் எல்லாம் மங்கலாக வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இரவில் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள். காலையில் ஜன்னலோரம் எடுங்கள், துணிமேல் நேர் வெயில் வேண்டாம். சேலம் வெண்பட்டுத் துண்டு சேர்க்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். பட்டின் மினுமினுப்பு பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும், ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் நிழல். வேல்யூ கைக்கு வரும்வரை பருத்தியோடு நில்லுங்கள்.