டைம்அவுட் ஆப்ஷன் வைக்கிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறவன் நான். ஒரு நாள் காலையில் எங்கள் ப்ரோக்ராமைச் சரிபார்க்கும் டெஸ்டுகளை ஓடவிட்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டேன். வேலந்தாவளம் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் திறந்தால், 30 வினாடி வரம்பு வைத்த ஒரு டெஸ்ட் 2,460 வினாடி ஓடியதாகவும் அதனால் தோல்வி என்றும் காட்டுகிறது. டெஸ்டில் ஒரு குறையும் இல்லை. டெஸ்டுகளை ஓட்டும் எங்கள் கமாண்ட் லைன் கருவிக்கு முந்தின நாள்தான் டைம்அவுட் ஆப்ஷன், அதாவது வரம்பைத் தாண்டி ஓடும் டெஸ்டை நிறுத்தும் வசதி, சேர்த்திருந்தோம். "மூணே வரிதாங்கண்ணா, போட்டாச்சு" என்று டீமில் இருக்கும் தம்பி சொன்னபோது நானும் தலையாட்டியிருந்தேன்.

தவறு இதுதான்: சுவர்க் கடிகாரத்தை, அதாவது கணினி காட்டும் நாள்-மணியை, பார்த்து நேரம் அளந்திருந்தோம். பைத்தான் மொழியில் டைம்.டைம் என்பது அதுதான். லேப்டாப் தூங்கினாலும் அந்தக் கடிகாரம் நகரும். நெட்வொர்க்கில் நேரம் சரிசெய்யப்பட்டால் முன்னும் பின்னும் குதிக்கும். கால அளவுக்கு டைம்.மோனோடோனிக் என்று ஒன்று 3.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அது பின்னால் போகாது. லினக்ஸில் லேப்டாப் தூங்கும் நேரத்தையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வார்த்தையை மாற்றினோம், சரியாகிவிட்டது.

அடுத்தது அவ்வளவு லேசாக விடவில்லை. எங்கள் டெஸ்ட் ஒவ்வொன்றும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் என்ற ப்ரோக்ராம் வரிசையாக ஓட்டும் கட்டளைகள். அது தன் பங்குக்கு ஒரு சின்ன சர்வரைக் கிளப்பும். நேரம் முடிந்ததும் கருவி ஷெல்லைக் கொன்றது, சர்வரை விட்டுவிட்டது. வாளையார் செக்போஸ்டில் டிரைவரை மட்டும் இறக்கி அனுப்பிவிட்டு லாரியை நடுரோட்டில் விட்ட மாதிரி. சாயங்காலம் ஓடுகிற ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கொடுத்துப் பார்த்தால் ஏழு சர்வர்கள் உயிரோடு உட்கார்ந்திருக்கின்றன. அவை நெட்வொர்க் போர்ட்டுகளைப் பிடித்துக்கொண்டதால் அடுத்த டெஸ்டுகள் எல்லாம் வேறு ஏதோ பிழை சொல்லி விழுந்தன. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த சர்வர், ஷெல்லிடமிருந்து வந்த அவுட்புட் பைப்பையும் (எழுதுவதைக் கருவிக்குக் கொண்டுவரும் குழாய்) திறந்தே வைத்திருக்கும். பைப் மூடும்வரை படிப்பது என்று எழுதியிருந்தால் கருவியே அங்கே ஹேங் ஆகிவிடும். 30 வினாடி வரம்பு வைத்தும் ராத்திரி முழுக்க ஓடும்.

இதற்கு வழி, டெஸ்டைத் தனி ப்ராசஸ் குரூப்பில் (அதுவும் அது கிளப்பியவையும் சேர்ந்த கூட்டம்) துவக்கி, முடிக்கும்போது குரூப்புக்கே நிறுத்தச் சொல்லும் சிக்னல் அனுப்புவது. பைத்தானில் துவக்கும்போது ஸ்டார்ட்_நியூ_செஷனை ட்ரூ என்று கொடுத்து, பிறகு ஓஎஸ்.கில்பிஜி கூப்பிட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தனி குரூப் ஆகிவிட்டால், ஓட்டத்தை நிறுத்த நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்துவது டெஸ்டுக்குப் போய்ச் சேராது. கருவி அதைப் பிடித்து, தானே அந்த குரூப்பை முடிக்க வேண்டும். பலரும் முதல் பாதியைச் செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த சிக்னல்? எடுத்ததும் கில் சிக்னல் அனுப்பினால் டெஸ்ட் தன் தற்காலிக ஃபைல்களை அழிக்கக்கூட நேரம் இருக்காது; அந்த சிக்னலை யாராலும் பிடிக்க முடியாது. முடித்துக்கொள் என்று கேட்கும் டெர்ம் சிக்னல் மட்டும் அனுப்பினால் அதைக் காதில் வாங்காத ப்ராசஸ் அப்படியே நிற்கும். முதலில் டெர்ம், ஐந்து வினாடி பொறுத்து கில். லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் டைம்அவுட் கட்டளையிலும் இதற்கென்றே கே என்ற ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள்.

அதே கட்டளையிடம் இன்னொன்றும் கற்கலாம். நேரம் முடிந்தால் அது 124 என்ற எக்சிட் கோடை (முடியும்போது ப்ரோக்ராம் தரும் எண்) தரும். டெஸ்ட் தோற்றதற்கும் நேரம் தீர்ந்ததற்கும் ஒரே 1-ஐத் தந்தால், மறுநாள் காலையில் லாக் படிப்பவர் எங்கே தேடுவார்? எந்த டெஸ்ட், எத்தனை வினாடி, கடைசியாக என்ன எழுதியது என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பைத்தான் ஸ்கிரிப்டின் அவுட்புட் பைப்புக்குப் போகும்போது பஃபர் என்ற தற்காலிக இடத்தில் தங்கும்; கொன்றால் கடைசி வரிகள் அதோடு போய்விடும். அப்படித் தங்காமல் இருக்க மைனஸ் யூ (-u) ஆப்ஷன் போட்டு ஓட்டுங்கள். கோ மொழியின் டெஸ்ட் கருவி, நேரம் முடிந்ததும் எல்லா கோரூட்டீன்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எந்த வரியில் நின்றன என்று கொட்டிவிடும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் பிழை பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அலகுக் குழப்பம் தனி. ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவிகளில், ஜெஸ்டில் இயல்பு வரம்பு 5000, மோக்காவில் 2000, இரண்டும் மில்லிசெகண்ட். எங்கள் கருவி வினாடி. ஜெஸ்ட் பழக்கத்தில் 5000 என்று அடித்தால் 83 நிமிடம் காத்திருக்க வேண்டும். 30எஸ் (வினாடி), 10எம் (நிமிடம்) மாதிரி அலகோடு வாங்குங்கள். ஓட ஆரம்பிக்கும்போது வரம்பு எவ்வளவு என்று ஒரு வரி எழுதிக் காட்டுங்கள். பூஜ்யம் கொடுத்தால் வரம்பு இல்லை என்பது கோ, மோக்கா, லினக்ஸ் டைம்அவுட் எல்லாவற்றிலும் இருக்கும் வழக்கம், அதை மாற்றாதீர்கள். மைனஸ் எண்ணை மறுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு வேடிக்கை: எழுத்தைத் தசம எண்ணாக்கும் பைத்தானின் ஃப்ளோட், 'நான்' (NaN) என்ற எண்ணல்லாத மதிப்பையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். அதோடு எதை ஒப்பிட்டாலும் பெரிது என்று வராது. வரம்பு வைத்தும் நேரம் முடியவே முடியாது.

வரம்பு ஒரு டெஸ்டுக்கா, மொத்த ஓட்டத்துக்கா என்பது ஆப்ஷன் பெயரிலேயே தெரியட்டும். கோ மொழியில் ஒரு பேக்கேஜின் டெஸ்டுகள் மொத்தத்துக்கும் 10 நிமிடம், ஜெஸ்டில் ஒவ்வொன்றுக்கும் 5 வினாடி. ஒரே சொல், வேறு பொருள். உங்கள் புது லேப்டாப்பில் மூன்று வினாடியில் முடிகிறதென்று இயல்பு வரம்பை ஐந்தாக வைக்காதீர்கள். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ மெஷின் அதைவிட மெதுவாக ஓடலாம்.

இப்போது ஆப்ஷனுக்கே மூன்று ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம்: சும்மா தூங்கும் ஒன்று, டெர்மைக் கண்டுகொள்ளாத ஒன்று, பின்னணியில் ஸ்லீப் 1000 (1000 வினாடி சும்மா இருக்கும் கட்டளை) கிளப்பிவிட்டுத் தானும் தூங்கும் ஒன்று. ஒவ்வொன்றும் முடிந்தபின் மிச்சம் ஏதாவது ஓடுகிறதா என்று கருவி பார்க்கும். மூன்றாவதை எழுதிய அன்று, "இது எதுக்குங்கண்ணா, எல்லாந்தான் சரி பண்ணிட்டமே" என்றான் தம்பி. ஓட்டினோம். ஸ்லீப் உயிரோடு இருந்தது.