சாயம் போகுமா? சிறு கடைகளின் தளங்கள் தேடலில் காணாமல் போவது எப்படி

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த குறை இது: “கூகுளில் பெட்ஷீட் என்று அடித்தால் நம் கடை வருவதே இல்லையே.” கடைக்கு இணையதளம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. வருடாவருடம் கட்டணம் கட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூடப் போன் செய்ததில்லை.

அந்தக் குறையிலேயே முதல் தவறு இருக்கிறது. பெட்ஷீட் என்ற சொல்லுக்கு அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் மல்லுக்கட்டுகின்றன. மேலே விளம்பரங்கள் வேறு. அங்கே போய் நிற்பது, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தேருக்கு முன்னால் தரைக்கடை விரிப்பது மாதிரி. மேலும், பெட்ஷீட் என்று மட்டும் அடிப்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பதே இன்னும் தெரியாது. ‘பவானி ஜமக்காளம் 6க்கு 9 அடி விலை’ என்று அடிப்பவருக்குத் தெரியும். அவர் கையில் பணத்தோடு நிற்கிறார். அப்படி அடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு சிறு கடைக்கு அந்தக் கொஞ்சம் பேரே போதும்.

ஒரு நாள் காலையில் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தபடி இருந்தது. சாயம் போகுமா? வாஷிங் மெஷினில் போடலாமா? பந்திக்கு விரித்தால் ஒன்றில் எத்தனை பேர் உட்காரலாம்? இது கைத்தறியா, விசைத்தறியா? கோயிலுக்குக் கொடுக்க வேண்டும், ஓரத்தில் பெயர் நெய்து தருவீர்களா? எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. “முதல் தடவை தனியாக நனையுங்கள், மற்ற துணியோடு போடாதீர்கள். 6க்கு 9 என்றால் நெருக்கி உட்கார்ந்தால் பன்னிரண்டு பேர்.” இத்தனையும் வாயில் வைத்திருப்பவர் தளத்தில் என்ன போட்டிருந்தார் தெரியுமா? ‘தரமும் நம்பிக்கையுமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு.’ தாரக மந்திரத்தை யார் தேடப் போகிறார்கள்? பவானி ஜமக்காளத்துக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை.

போனில் வரும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கத்துக்கான தலைப்பு. பெரிய கடைகளால் இதை எழுத முடியாது. லட்சம் பொருள் விற்பவருக்கு ஒரு ஜமக்காளத்தின் சாயத்தைப் பற்றி என்ன தெரியும்?

அடுத்த தவறைக் கண்டுபிடிக்க எனக்கே சற்று நேரம் ஆனது. அவருடைய விலைப்பட்டியல் தளத்தில் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தேடினால் கிடைக்கவில்லை. பட்டியல் முழுக்க ஒரு படம். அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தபோது செய்ததை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் நிற்க முடியாது. விலையும் அளவும் நிறமும் பக்கத்தில் எழுத்தாகவே இருக்க வேண்டும். இன்னொரு பக்கத்தில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ். பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழ். கூகுளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடு முறை பரவி இத்தனை வருடம் கழித்தும் இது நடக்கிறது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் சரி, குப்பையாக விழுந்தால் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவதும் உண்டு. ஜமக்காளத்தை அப்படி எழுத நான்கு விதமாவது இருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு இயல்பாகப் பக்கத்தில் வந்துபோனால் போதும். எல்லாவற்றையும் அடியில் வரிசையாகக் கொட்டி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைக்கும் தந்திரம் எப்போதோ செத்துவிட்டது. இன்று அது தண்டனையைத்தான் வாங்கித் தரும். மெட்டா கீவேர்ட் என்று பக்கத்துக்குப் பின்னால் சொற்களை அடுக்குவதற்குச் சிலர் இன்னமும் பணம் வாங்குகிறார்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

தளமே கூகுளில் இல்லாமல் இருப்பதும் உண்டு. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்துக்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போடுவார்கள்; முடிந்தபின் எடுக்க மறந்துவிடுவார்கள். கிரகப்பிரவேசம் முடிந்தும் வாசல் கதவு பூட்டியே கிடக்கும். சோதிப்பது சுலபம். ஆங்கிலத்தில் site என்று அடித்து, முக்காற்புள்ளி (:) இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் முதலில் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளை (பேக்லிங்க் என்பார்கள்) கூகுள் சிபாரிசு மாதிரி எடுத்துக்கொள்கிறது. அவற்றை விற்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். ‘ஐந்நூறு பேக்லிங்க், ஒரே மாதத்தில் முதலிடம், உத்தரவாதம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடையான ஜேசி பென்னிக்கு நடந்ததைக் கேளுங்கள். உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என எதைத் தேடினாலும் அது முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் கையை வைத்தது. வரவேற்பறை மரச்சாமான்களுக்கான தேடலில் மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, ஒன்பது மணிக்கு 68ஆம் இடத்தில் கிடந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் கூகுளின் தரவரிசை முறையில் வந்த பெங்குவின் என்ற மாற்றம், இப்படிப்பட்ட இணைப்புகளைப் பிடிக்கும் வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்தது. ஜேசி பென்னிக்கு விழுந்து எழ வழி இருந்தது. ஜமக்காளக் கடைக்கு அந்தத் தெம்பு ஏது? உங்களிடம் மொத்தமாக வாங்கும் மண்டபக்காரரின் தளத்திலோ நெசவைப் பற்றி எழுதும் உள்ளூர்ச் செய்தித் தளத்திலோ உண்மையாகக் கிடைக்கும் ஒரு இணைப்பு, அந்த ஐந்நூறைவிட மேல்.

இதன் புது அவதாரம், செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி ஒரே இரவில் இருநூறு பக்கம் எழுத வைப்பது. ‘ஈரோட்டில் சிறந்த ஜமக்காளம்’, ‘சேலத்தில் சிறந்த ஜமக்காளம்’ என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை அச்சடிப்பார்கள். தரவரிசைக்காக இப்படி மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை, எழுதியது மனிதனா இயந்திரமா என்று பாராமல், 2024 மார்ச்சில் கூகுள் வெளிப்படையாகவே விதிமீறல் என்று அறிவித்தது.

கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற பதிவு இலவசம். உள்ளூர்க் கடைக்குத் தளத்தைவிட அதுவே அதிகம் உதவும். அங்கே பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே போடுங்கள். ‘பவானி நம்பர் ஒன் ஜமக்காளம் மொத்த விலை’ என்று நீட்டினால் பதிவே முடங்கலாம். விமர்சனம் எழுதுபவருக்குத் தள்ளுபடி தருவதும் கூடாது.

செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஐந்து எம்பியில் ஏற்றாதீர்கள். பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சேர்த்த பெயரெல்லாம் பழைய முகவரியோடு போய்விடும். உங்கள் போனிலேயே தேடிப் பார்த்து ‘வந்துவிட்டோம்’ என்று மகிழவும் வேண்டாம். கூகுள் நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் விடை தருகிறது. கடைக்குள் உட்கார்ந்து தேடினால் கடை வரத்தானே செய்யும்.

உண்மைக் கணக்கு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைப் பதினாறு மாதம் வரை காட்டும். கேள்வி பதில் பக்கங்களைப் போட்டுச் சில மாதம் கழித்து அந்தப் பட்டியலை ஜமக்காளக்காரருக்குக் காட்டினேன். பெட்ஷீட் அதில் இல்லை. சாயம் இருந்தது, பந்தி இருந்தது, இடையில் ஒரு வரி: ‘ஜமக்காளத்தில் ஒட்டிய நாய் முடி எடுப்பது எப்படி’. உரக்கச் சிரித்தார். பிறகு, “ஈரக் கையால் ஒரே பக்கமாகத் தேய்த்தால் திரண்டு வந்துவிடும். அதையும் எழுதிவிடுங்கள்” என்றார்.