ஆஸ்திரேலியத் திறன்சார் விசா: 189, 190, 491 ஆகியவற்றுள் உங்களுக்குரியதைக் கண்டறியும் வழி

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “189 போடலாமா, 190 போடலாமா?” விசா எண்ணை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ப ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள், ஆறு மாதமும் கணிசமான பணமும் கரைந்த பிறகுதான் தங்கள் தொழில் அந்த விசாவின் பட்டியலிலேயே இல்லை என்பதை அறிகிறார்கள். தொழிற்குறியீடு, திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, புள்ளிக் கணக்கு என்ற வரிசையில் வேலையைச் செய்தால், எந்த விசா என்பது ஏறக்குறையத் தானாகவே தெரிந்துவிடும். இந்தியாவில் வேலை பார்த்துக்கொண்டே, எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாமல், சொந்தமாக விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மூன்று விசாக்களின் அடிப்படை வேறுபாடு. 189 நிரந்தர வசிப்புரிமை தருவது. யாருடைய பரிந்துரையும் வேண்டாம், நாட்டில் எங்கு வேண்டுமானாலும் வசிக்கலாம். 190-உம் நிரந்தர வசிப்புரிமைதான், ஆனால் ஒரு மாநிலமோ ஆட்சிப்பகுதியோ உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தரப்படும் புள்ளிகளோடு, அந்தப் பரிந்துரைக்கு 5 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். 491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா. மாநிலப் பரிந்துரை அல்லது உறவினர் ஆதரவுக்கு 15 புள்ளி கிடைக்கும். ஆனால் வரையறுக்கப்பட்ட வட்டாரப் பகுதிகளில்தான் வாழவும் வேலை செய்யவும் முடியும். மூன்றாண்டுகளுக்குப் பிறகு, வருமான வரிச் சான்றுகளோடு 191 விசாவுக்கு விண்ணப்பித்து நிரந்தர வசிப்புரிமை பெறலாம். மூன்றுக்கும் பொதுவான விதிகள்: விசாவுக்கு விண்ணப்பிக்கும்படி குடிவரவுத் துறை அனுப்பும் அழைப்பு வரும் நாளில் 45 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது, குறைந்தது 65 புள்ளி வேண்டும், திறன் மதிப்பீடு கையில் இருக்க வேண்டும்.

படி 1: தொழிற்குறியீட்டைக் கண்டுபிடியுங்கள்

ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை உங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, நீங்கள் செய்யும் வேலையைப் பார்க்கிறது. நம் ஊர் ஐடி நிறுவனங்களில் ‘சீனியர் அசோசியேட்’, ‘மாட்யூல் லீட்’ என்று வழங்கும் பதவிகளுக்கு அங்கே பொருளே கிடையாது. ஆன்ஸ்கோ எனப்படும் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்கக் குறியீடும், அந்தத் தொழிலில் இருப்பவர் செய்யும் பணிகளின் பட்டியலும் உண்டு. மென்பொறியாளர் 261313, டெவலப்பர் புரோகிராமர் 261312, ஐசிடி பிசினஸ் அனலிஸ்ட் 261111. இவற்றின் பணி விவரங்களை வரிவரியாகப் படித்து, கடந்த சில ஆண்டுகளாக உங்கள் அன்றாட வேலை எதோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

குறியீடு உறுதியானதும், அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று குடிவரவுத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள். 189-க்கான பட்டியல் குறுகியது. 190-க்கு அதைவிட விரிந்தது. 491-க்கு இன்னும் விரிந்தது. எடுத்துக்காட்டாக, மனிதவள ஆலோசகர் என்ற 223111 குறியீட்டுக்காரர் 189-ஐ நினைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. அவருக்கு மாநில வழி மட்டும்தான். பாதிப் பேருடைய குழப்பம் இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும்.

படி 2: திறன் மதிப்பீடு

உங்கள் படிப்பும் அனுபவமும் அந்தத் தொழிலுக்குப் பொருந்துகின்றனவா என்று ஓர் அமைப்பு சரிபார்த்துச் சான்று தருவதே திறன் மதிப்பீடு. இதுதான் அதிக நாளையும் பொறுமையையும் கேட்கும் கட்டம். தொழிலுக்கேற்ப மதிப்பிடும் அமைப்பு மாறும்: கணினித் துறைக்கு ஏசிஎஸ், பொறியாளர்களுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா, செவிலியர்களுக்கு ஆன்மாக், வேறு பல தொழில்களுக்கு வெட்டசெஸ்.

கணினித் துறையினர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம், உங்கள் அனுபவம் முழுவதையும் ஏசிஎஸ் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது. பட்டமும் தொழிலும் நெருக்கமாகப் பொருந்தினாலும்கூடப் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகளாவது கழிக்கப்படும். பட்டம் பொருந்தாவிட்டால் கழிவு இன்னும் அதிகம். எந்த மாதத்துக்குப் பிறகான அனுபவம் ‘திறன்சார்’ அனுபவம் என்பதை அவர்கள் தரும் கடிதம் குறிப்பிடும். புள்ளிக் கணக்கை அந்தத் தேதியிலிருந்துதான் போட வேண்டும்.

பொறியாளர்களுக்கு நிலைமை வேறு. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வகைசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது உண்மைதான். ஆனால் அதன் பயன் என்பிஏ எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளை, அங்கீகாரம் இருந்த ஆண்டுகளில் முடித்தவர்களுக்கே கிடைக்கும். மற்றவர்கள் தம் பணி வாழ்க்கையிலிருந்து மூன்று நிகழ்வுகளை விரிவாக எழுதித் தர வேண்டும். இதற்கு சிடிஆர் என்று பெயர். கடையில் எழுதி வாங்கியதையோ இணையத்திலிருந்து நகலெடுத்ததையோ கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், சில காலத்துக்குத் தடையும் வரலாம்.

இனி அனுபவச் சான்றிதழ். நான் விண்ணப்பித்தபோது, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு எனக்குத் தந்த கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தப் பதவியில் பணியாற்றினார். பணி விவரம் சேர்த்துத் தரும்படி நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பியும் “எங்கள் நடைமுறையில் இல்லை” என்ற பதில்தான் வந்தது. மதிப்பீட்டுக்கு வேண்டியதோ செய்த பணிகளின் விவரம், முழுநேரமா பகுதிநேரமா என்பது, எந்த நாட்டில் வேலை செய்தீர்கள் என்பது, கையொப்பமிட்டவரின் தொடர்பு விவரம் ஆகிய அனைத்தும். கடைசியில் என்னுடைய பழைய மேலாளர் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி வழக்கறிஞர் முன்னிலையில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். சம்பளம் வாங்கியதற்குச் சான்றாக ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் இணைத்தேன். எனவே வேலையை விட்டு வெளியேறும் நாளிலேயே விரிவான கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டால் உங்களைத் தெரிந்தவர் எவரும் அங்கே இருக்க மாட்டார்.

இன்னொன்று, தமிழர்களுக்கே உரிய தலைவலி: முன்னெழுத்து. மதிப்பெண் பட்டியலில் ‘முத்துலட்சுமி எஸ்’, கடவுச்சீட்டில் ‘முத்துலட்சுமி சுப்பிரமணியன்’, பான் அட்டையில் வேறொரு வடிவம் என்று இருப்பது நமக்கு இயல்பு. வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே ஆங்கிலத் தேர்வு முதல் விசா விண்ணப்பம் வரை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களில் மாறியிருக்கும் பெயர்கள் அனைத்தையும் குறிப்பிட்டு, அனைவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஆங்கிலத் தேர்வு

ஐஇஎல்டிஎஸ் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் தலா 6 எடுத்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு, ஆனால் புள்ளி இல்லை. தலா 7 எடுத்தால் 10 புள்ளி. தலா 8 எடுத்தால் 20 புள்ளி. பிடிஇ என்ற மாற்று ஆங்கிலத் தேர்வை எழுத நினைப்பவர்கள், 20 புள்ளிக்கு ‘எல்லாவற்றிலும் 79’ என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதப்படும் தேர்வுகளுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி மதிப்பெண் வரம்பு வந்துவிட்டது. பேச்சுக்கும் எழுத்துக்கும் வரம்பு உயர்ந்திருக்கிறது. அனுபவத்தில் 5 புள்ளி கூட இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 10 புள்ளி கூட இரண்டு மாத உழைப்பு போதும். அதனால் முதல் முயற்சியில் 7 வந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னொரு முறை எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: புள்ளிக் கணக்கு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண் மென்பொறியாளர், பி.இ. கணினி அறிவியல், ஒன்பது ஆண்டு அனுபவம், ஐஇஎல்டிஎஸ்-இல் எல்லாப் பிரிவிலும் 7, கணவருக்கு எல்லாப் பிரிவிலும் 6.

வயது 25 முதல் 32 வரை உள்ளவர்களுக்கு 30 புள்ளி. இளநிலைப் பட்டத்துக்கு 15. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பெற்ற அனுபவம் மூன்று ஆண்டுக்கு 5, ஐந்து ஆண்டுக்கு 10, எட்டு ஆண்டுக்கு 15 என்பது விதி. ஒன்பது ஆண்டு என்பதால் 15 என்று அவர் மகிழ்ந்திருப்பார். ஏசிஎஸ் இரண்டைக் கழித்துவிட்டதால் ஏழு ஆண்டுதான் மிஞ்சும், எனவே 10. ஆங்கிலத்துக்கு 10. கணவரின் ஆங்கிலத்துக்கு 5. மொத்தம் 70. கணவருக்கும் தகுந்த தொழிலில் திறன் மதிப்பீடு இருந்தால் அந்த 5, 10 ஆகும். திருமணமாகாதவருக்கும் அதே 10 கிடைக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இதே கணக்கு 190-க்கு 75, 491-க்கு 85. ஆங்கிலத்தில் 8 எடுத்தால் ஒவ்வொன்றும் 10 கூடும். ஆனால் அவருக்கு 33 வயது நிறையும் நாளில் வயதுப் புள்ளி 30-இலிருந்து 25-க்கு இறங்கிவிடும். யாரும் அறிவிக்க மாட்டார்கள், கணினி தானாகக் குறைத்துவிடும். 40 ஆனால் 15-தான்.

நமக்குக் கைக்கெட்டும் இன்னொரு 5 புள்ளி, தமிழ் தெரிந்திருப்பதற்குக் கிடைப்பது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற மொழித்திறன் தேர்வில் தமிழும் உண்டு. ஆங்கிலம் பேசும் ஒருவருக்கும் தமிழ் பேசும் ஒருவருக்கும் இடையே நடக்கும் இரண்டு உரையாடல்களைப் பகுதி பகுதியாக ஒலிக்கவிடுவார்கள். இரு பக்கமும் நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பகுதி அதிகபட்சம் 35 சொற்கள். மொத்தம் 90 மதிப்பெண்ணில் 63 வேண்டும். ஒவ்வோர் உரையாடலிலும் 45-க்கு 29-க்குக் குறையக் கூடாது. தாய்மொழிதானே என்று தயாராகாமல் போனால் சிக்கல்தான்: அன்றாடம் ‘ரெண்டல் அக்ரிமென்ட்’, ‘இன்சூரன்ஸ் கிளெய்ம்’ என்றே பேசிப் பழகிய நாக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கோரிக்கை என்ற சொற்களைத் தேடித் தடுமாறும்.

படி 5: இப்போது விசாவைத் தேர்ந்தெடுங்கள்

65 என்பது வாசற்படி மட்டுமே. அழைப்பு அதிகப் புள்ளிக்காரர்களிலிருந்து தொடங்கித்தான் இறங்கும். 2024–25 திட்ட ஆண்டில் 189-க்கு ஒதுக்கப்பட்டவை 16,900 இடங்கள். மாநிலப் பரிந்துரை வகைக்கும் வட்டார வகைக்கும் தலா 33,000. மேலே சொன்ன பெண் 70 புள்ளியோடு 189-க்காக மட்டும் காத்திருந்தால், மென்பொறியாளர் கூட்டத்தில் அவர் முறை வராமலேயே 33 வயது வந்துவிடும். அவர் ஆங்கிலத்தையும் சிசிஎல்லையும் முடித்து 85-க்கு உயர்த்திக்கொண்டு 189-லும் 190-லும் பதிவு செய்துவைப்பது, கூடவே 491-ஐயும் மனதார ஏற்பது என்று முடிவு செய்தால் வாய்ப்பு உண்மையானதாகிறது.

491 என்றதும் ‘பட்டிக்காட்டுக்குப் போகவா?’ என்று முகம் சுளிப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களைத் தவிர்த்த அனைத்தும் இந்த விசாவின் கணக்கில் வட்டாரப் பகுதிதான். பெர்த், அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட், தலைநகர் கான்பெரா, ஹோபார்ட், நியூகாசில், ஜீலாங் எல்லாம் அதில் அடக்கம். உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: விசா கிடைத்து மூன்றாண்டு முடியும் வரை 189, 190 போன்ற பிற நிரந்தர விசாக்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. மெல்போர்னில்தான் நல்ல வேலை கிடைக்கும் என்ற துறையில் இருப்பவர்கள் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும். மாறாக 190-இல் அப்படி விசா நிபந்தனை ஏதும் இல்லை. பரிந்துரைத்த மாநிலத்தில் இரண்டு ஆண்டு வாழ்வதாக நீங்கள் தரும் வாக்குறுதிதான் உண்டு.

491-க்கு உறவினர் ஆதரவு என்ற வழியும் இருக்கிறது. அந்த உறவினர் வட்டாரப் பகுதியில் வசிக்கும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆனால் சட்டம் ஏற்பது பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், அவர்களின் பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுகளை மட்டுமே. ஒன்றுவிட்ட சித்தப்பா, ஊர்முறையில் மாமா ஆகியோர் இதில் வர மாட்டார்கள்.

படி 6: இஓஐ பதிவு

குடிவரவுத் துறையின் ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் இஓஐ எனப்படும் விருப்ப விண்ணப்பத்தைக் கட்டணமின்றிப் பதியலாம். இரண்டு ஆண்டுகள் உயிரோடிருக்கும். விக்டோரியா போன்ற மாநிலங்கள் தங்களிடமும் தனியாக ஒரு பதிவைக் கேட்கும். இதைத் தவறவிட்டு இஓஐ மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். ஒரே புள்ளியில் இருப்பவர்களுள் அந்தப் புள்ளியை முதலில் அடைந்தவருக்கே முன்னுரிமை. ஒரு புள்ளிகூட அதிகமாகச் சொல்லிவிடாதீர்கள்: அழைப்பு வந்ததும் இஓஐ பூட்டப்பட்டுவிடும், திருத்த முடியாது, சொன்ன புள்ளியை நிரூபிக்க முடியாவிட்டால் விசா மறுக்கப்படும், கட்டிய பணமும் திரும்பாது.

படி 7: அழைப்புக்குப் பிறகு

விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம். 2025 ஜூலை முதல் முதன்மை விண்ணப்பதாரருக்குக் கட்டணம் 4,910 ஆஸ்திரேலிய டாலர். மனைவி அல்லது கணவருக்கும் குழந்தைகளுக்கும் தனி. கடன் அட்டையில் அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். காவல்துறைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா மையம் வழியாகப் பெறலாம். மருத்துவப் பரிசோதனையை அவர்கள் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டுமே செய்ய வேண்டும். வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் அறிக்கை செல்லாது. குடிவரவு முகவரை அமர்த்துவதாக இருந்தால் மார்ன் எனப்படும் அவருடைய முகவர் பதிவு எண்ணைக் கேட்டு, அரசுப் பதிவேட்டில் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். விசா வழங்கும் கடிதம் வந்ததும், முதன்முறை நாட்டுக்குள் நுழைய வேண்டிய கடைசித் தேதி அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தேதிக்கு முன் விசாவில் உள்ள குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது போய் இறங்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து விமானச் சீட்டைப் பதிவு செய்யுங்கள்.