கலர் பென்சிலில் காட்டு விலங்கு: எங்கே பிழை வருகிறது?

சிறுத்தையின் முகத்தை வரைய உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே பலர் உரோமத்தை இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு மயிரும் அழகாகத்தான் வரும். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் முகம் தட்டையாக இருக்கும். வன்னியில் கலர் பென்சில் எடுக்கும் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். நெற்றி, கன்னம், தாடை எல்லாம் ஒளியிலும் நிழலிலும் எழும்பி வர வேண்டும். உரோமம் அதற்குப் பிறகுதான். மற்றத் தவறுகளில் பாதி இந்த அவசரத்திலிருந்துதான் வருகின்றன.

பார்த்து வரைய எடுக்கும் படத்திலேயே சிலருக்குச் சறுக்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் யானைப் படங்களில் பல ஆபிரிக்க யானைகள். அவற்றின் காது தோளை மூடும், முதுகு நடுவில் பதிந்திருக்கும், துதிக்கை நுனியில் இரண்டு விரல் இருக்கும். எங்கள் குளங்களுக்கு இறங்கும் யானைக்குக் காது சிறியது, முதுகு மேல்நோக்கி வளைந்தது, நெற்றியில் இரண்டு மேடு, துதிக்கை நுனியில் ஒரே விரல். இலங்கையின் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. முத்தையன்கட்டுப் பக்கத்து யானை என்று பெயர் வைத்துவிட்டு ஆபிரிக்கக் காதும் நீண்ட தந்தமும் வரைந்தால், எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது எங்கள் யானை இல்லை. நிறத்தையும் கவனியுங்கள். காதோரத்திலும் துதிக்கையிலும் பல யானைகளுக்கு இளஞ்சிவப்புத் திட்டுகள் இருக்கும். அதற்கு மேல் காய்ந்த சேறும் செம்மண்ணும். ஒரே சாம்பல் பென்சிலால் நிரப்பினால் இதெல்லாம் போய்விடும்.

போனில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் சிறுத்து முகம் கோணும். யானையிடமும் கரடியிடமும் அப்படிக் கிட்டப் போவது உயிருக்கே ஆபத்து. தூர லென்ஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தைத் தவிர்ப்பது நல்லது, கண்குழி இரண்டும் கறுத்துக் கிடக்கும். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் எலும்பும் தசையும் தெரியும்.

சரி, கடதாசிக்கு வருவோம். கடையில் வாங்கும் வழுவழுப்பான பிரிஸ்டல் போட்டில் இரண்டு மூன்று பூச்சுக்கு மேல் நிறம் பிடிக்காது. மெல்லிய சொரசொரப்பு உள்ள, சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத தடித்த தாள் வேண்டும். மிருதுவான நீர்வண்ணத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பென்சிலை மெதுவாகப் பிடித்து, வெளிர் நிறத்திலிருந்து கருநிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பஸ்டலால் வரைந்து பழகிய கை எடுத்தவுடனேயே அழுத்தித் தேய்க்கும். அழுத்தினால் தாளின் பள்ளங்கள் மெழுகால் நிரம்பிவிடும். அப்புறம் மேலே எந்த நிறம் போட்டாலும் வழுக்கும். புள்ளிமானின் கழுத்துக்கு முதலில் வெளிர் மஞ்சள், பிறகு காவி, பிறகு செம்பழுப்பு, நிழல் விழும் இடத்தில் மட்டும் கரும்பழுப்பு என்று ஏற்றிப் பாருங்கள். ஒரே பழுப்புப் பென்சிலில் இல்லாத சூடு அந்தக் கழுத்தில் இருக்கும். அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது கடைசி வேலை.

கறுப்புப் பென்சில்தான் அதிகம் கெடுப்பது. கரிய முகமும் நீண்ட வாலுமுள்ள மந்தியை எடுத்துக்கொள்வோம். முகம் கறுப்புத்தானே என்று கறுப்பால் நிரப்பினால் முகம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். உண்மையில் அதன் புருவ மேட்டில் வானத்தின் நீலச் சாயல் படியும், மூக்கின் பக்கங்களில் பழுப்பு இருக்கும், உதட்டோரம் கொஞ்சம் ஊதா தெரியும். கருநீலமும் கரும்பழுப்பும் மாறி மாறிப் பூசினால் ஆழமான, உயிருள்ள கறுமை வரும். கறுப்பை மூக்குத் துவாரம், கண்மணி, இமையின் ஓரம் ஆகியவற்றுக்குக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். பலர் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி என்று முடித்துவிடுகிறார்கள். குளக்கரையில் நிற்கும் மானின் பெரிய கண்ணை நல்ல படமொன்றில் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்பாதியில் வானத்தின் வெளிர்நீலம், கீழ்ப்பாதியில் தரையின் பழுப்பு, நடுவே மரவரிசை ஒரு கருங்கோடாக வளைந்து ஓடும். மேல் இமையின் நிழல் கண்ணின் மேற்புறத்தில் விழும். அந்த நிழலை விட்டுவிட்டால் கண் வெளியே பிதுங்கி, மிரண்டு பார்க்கும். மானின் கண்மணி கிடைமட்டமாக நீண்டது, சிறுத்தையின் கண்மணி வட்டமானது. சிறுத்தைக்குப் பூனையின் கீற்றுக் கண்மணியை வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இந்தளவு ஆன பிறகு உரோமம். மூக்கின் மேலுள்ள மயிர் மிகக் குட்டை. அது மூக்கு நுனியிலிருந்து நெற்றியை நோக்கிப் போகும், கன்னத்தில் நீண்டு வெளிப்புறமாகச் சாயும். எல்லா இடத்திலும் ஒரே நீளத்தில், ஒரே திசையில் கோடு போட்டால் முகம் தட்டையாகிவிடும். கரடிக்குத் தனித்தனி மயிரைத் தேடாதீர்கள், கற்றை கற்றையாகப் பாருங்கள். சிறுத்தையின் புள்ளிகளும் உடலோடு வளைபவை. விலாவில் அகலமான வளையம், உடல் வளைந்து மறையும் விளிம்பில் ஒடுங்கிவிடும். முகத்திலும் காலிலும் வளையம் இல்லை, முழுக் கரும்புள்ளிதான்.

வெள்ளையைப் பிறகு போடலாம் என்று விடக்கூடாது. வெள்ளைக் கலர் பென்சில் கருநிறத்தை மூடாது. மானின் வெண்புள்ளிகளைத் தொடக்கத்திலேயே தாளின் வெள்ளையாக விட்டு, சுற்றி நிறம் ஏற்ற வேண்டும். சிறுத்தையின் மீசைக்கு மை தீர்ந்த போல்பொயின்ற் பேனாவால் வெறும் தாளில் அழுத்திக் கோடு இழுங்கள். மேலே பென்சில் ஓடும்போது அந்தப் பள்ளத்தில் நிறம் ஏறாது, மீசை வெள்ளையாகவே நிற்கும்.

பின்னணியில் இலை இலையாக வரைவதை விட்டுவிடுங்கள். மங்கலான இரண்டு பச்சை போதும்.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளங்கை வியர்வை தாளில் பட்டால் அந்த இடத்தில் நிறம் திட்டாகும், அதனால் கைக்குக் கீழே இன்னொரு தாள் வையுங்கள். மெழுகு கூடிய பென்சிலால் தடிப்பாகப் பூசிய படத்தில் சில நாளில் வெண்படலம் ஏறும். மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் வெளுப்பதில் முன்னிற்பவை. சுண்டிக்குளத்துப் பூநாரையை வரைபவர்கள் பென்சிலின் ஒளி தாங்கும் குறியைப் பார்த்து வாங்க வேண்டும். பேபர்காஸ்டல் பொலிக்குரோமோஸ் பென்சிலில் அது நட்சத்திரமாக இருக்கும், மூன்று நட்சத்திரம் இருந்தால் நம்பலாம். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் மட்டை வைக்கச் சொல்லுங்கள். மாரி மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், தாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.